சென்னை–சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? விமானத் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,925 கிலோமீட்டர். டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் பெரும்பாலும் 4 மணி 10 நிமிடத்துக்கும் 4 மணி 30 நிமிடத்துக்கும் இடையில் இருக்கும். அவசரத்துக்கு இது போதும்.

ஆனால் இணையத்தில் தேடினால் ஒரு தளம் 3 மணி 38 நிமிடம் என்னும், இன்னொன்று 4 மணி 8 நிமிடம் என்னும். விமானத்துக்குள் உட்கார்ந்தால் கேப்டன் ஒலிபெருக்கியில் "3 மணி 45 நிமிடம்" என்கிறார், கையிலிருக்கும் டிக்கெட்டோ 4 மணி 15 நிமிடம் காட்டுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அளப்பது வேறு வேறு நேரத்தை. எது எதை அளக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், சென்னை–சிங்கப்பூர் மட்டுமல்ல, உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரு கால்குலேட்டரை வைத்தே பத்து நிமிடத்துக்குள் கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில்: எந்த விமான நிலையம்?

ஊர்ப் பெயரை வைத்துத் தூரம் தேடுவதுதான் முதல் தவறு. "சென்னை – லண்டன் தூரம்" என்று தேடினால் சில தளங்கள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்து தருகின்றன. விமானம் அப்படிப் போவதில்லை. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு விமான நிலையங்கள். டோக்கியோவுக்கு நரிட்டாவும் ஹனேடாவும். கோலாலம்பூருக்கு செப்பாங்கும் சுபாங்கும். மும்பைக்கு இப்போது நவி மும்பையும் சேர்ந்துவிட்டது. வானத்தில் இதனால் பெரிய வேறுபாடு வராது. தரையில் இறங்கிய பிறகு வரும். நரிட்டாவில் இறங்கிவிட்டு அடுத்த விமானம் ஹனேடாவில் என்று டிக்கெட் எடுத்திருந்தால், இடையில் டோக்கியோவையே கடக்க வேண்டும்.

ஆகவே மூன்றெழுத்துக் குறியீட்டிலிருந்து தொடங்குங்கள். சென்னைக்கு எம்ஏஏ, சாங்கிக்கு எஸ்ஐஎன், திருச்சிக்கு டிஆர்இசட், கோவைக்கு சிஜேபி, மதுரைக்கு ஐஎக்ஸ்எம். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் பட்டையிலும் இருப்பது இதுதான்.

இரண்டாவது: அட்சரேகை, தீர்க்கரேகை

அந்த விமான நிலையத்தின் அட்ச, தீர்க்க அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வந்துவிடும். நமக்கு வேண்டியவை:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சாங்கி: வடக்கு 1.35, கிழக்கு 103.99

இங்கே பலர் சறுக்குகிறார்கள். பழைய அட்டவணைகளில் சென்னை "12 பாகை 59 கலை" என்று இருக்கும். அதை அப்படியே 12.59 என்று அடித்துவிடக் கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை. 59-ஐ 60-ஆல் வகுத்தால் 0.98, ஆக 12.98. அவசரத்தில் 12.59 என்று போட்டால் சென்னை விமான நிலையம் தெற்கே 44 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். இன்னொன்று: மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி கட்டாயம். ஹீத்ரோ மேற்கு 0.46, குறி விட்டுப்போனால் தீர்க்கரேகை ஏறத்தாழ ஒரு பாகை தவறிவிடும். நியூயார்க்குக்கு அதே தவறைச் செய்தால் விமானம் கிர்கிஸ்தானில் இறங்கும்.

மூன்றாவது: தூரக் கணக்கு

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைச் சுற்றி வரும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. விமானத் தூரம் என்று சொன்னாலே இந்தப் பெருவட்டத் தூரம்தான். கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியலைத் தாண்டாது:

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். 0.2248 × 0.0236 = 0.0053.

இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். வித்தியாசம் 103.99 – 80.17 = 23.82 பாகை. 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911.

இரண்டையும் கூட்டினால் 0.8964. இதன் நேர்மாறு கொசைன் 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 2,925 கிலோமீட்டர்.

எக்செல்லில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பாகையைப் புரிந்துகொள்ளாது, ரேடியனில்தான் கணக்கிடும். எல்லாப் பாகைகளையும் முதலில் 0.0174533-ஆல் பெருக்கிக்கொண்டு, கடைசியில் வரும் 0.4591-ஐ பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்குங்கள். அதே 2,925 வரும். சம்பந்தமே இல்லாத எண் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் இந்த ரேடியன்தான்.

குறுக்கு வழியும் உண்டு. அட்சரேகை வித்தியாசம் ஒரு பக்கம். தீர்க்கரேகை வித்தியாசத்தை சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்கியது மறுபக்கம். பிதாகரஸ் தேற்றம் போட்டால் முடிந்தது. சென்னை–சிங்கப்பூருக்கு இப்படிச் செய்தால் 2,929 வருகிறது. நான்கைந்து கிலோமீட்டர்தான் பிசகு; நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறோம். இதே வழியில் சென்னை–ஹீத்ரோ போட்டால் 8,700 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சரியான விடை 8,235. வடக்கே போகப் போக, தொலைவு கூடக் கூட, குறுக்கு வழி கைவிட்டுவிடும்.

பூமி சரியான உருண்டையும் அல்ல. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இதனால் உருண்டைக் கணக்கில் அதிகபட்சம் அரை விழுக்காடு வரை பிசகு வரலாம். இதனாலும், விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பதாலும் தளத்துக்குத் தளம் சில கிலோமீட்டர் மாறும். அதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வேறுபாடு நூறு கிலோமீட்டரைத் தாண்டினால்தான் எங்கோ தப்பு.

பெரிய வேறுபாடு தெரிந்தால் அலகைப் பாருங்கள். 2,925 கிலோமீட்டர், 1,817 மைல், 1,579 கடல் மைல் மூன்றும் ஒரே தூரம். விமானத் துறையில் புழங்குவது 1.852 கிலோமீட்டர் நீளமுள்ள கடல் மைல். அமெரிக்கத் தளங்கள் தரை மைலைத் தரும். இரண்டுக்கும் 'மைல்' என்ற ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் ஓயாது.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு 'கிரேட் சர்க்கிள் மேப்பர்' தளம் இருக்கிறது. இரண்டு குறியீடுகளை அடித்தால் தூரத்தோடு வழியையும் வரைந்து காட்டும்.

தமிழ்நாட்டின் மற்ற விமான நிலையங்களிலிருந்து சாங்கிக்கு இதே கணக்கு: திருச்சி 2,980, மதுரை 3,015, கோவை 3,165 கிலோமீட்டர். திருச்சிக்கும் சென்னைக்கும் வித்தியாசம் வெறும் 55 கிலோமீட்டர், பறக்கும் நேரத்தில் நான்கு நிமிடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர் சென்னைக்கு ஆறு மணி நேரம் பேருந்தில் போய் விமானம் ஏறுவதற்கு டிக்கெட் விலையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

நான்காவது: உண்மையில் பறக்கும் தூரம்

வரைபடத்தில் பெருவட்டக் கோடு சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிகோபாரின் தென்முனையை ஒட்டிப் போய், சுமத்ராவின் வடபகுதியையும் மலாக்கா நீரிணையையும் தொட்டு சாங்கியை அடைகிறது. விமானம் அந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போகாது. வானிலும் வகுக்கப்பட்ட தடங்கள் உண்டு. சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கோலாலம்பூர் கட்டுப்பாட்டுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் குறித்த புள்ளிகள் வழியாகத்தான் கைமாற வேண்டும்.

அதோடு கிளம்பும் ஓடுபாதையும் கணக்கில் வரும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மேற்கு நோக்கி எழும்பி, ஊரைச் சுற்றித் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். கடல்காற்று அடிக்கும் நாளில் எழும்பிய சற்று நேரத்தில் நேரே கடல். இரண்டுக்கும் சில நிமிட வித்தியாசம்.

பொதுவாக, பெருவட்டத் தூரத்தோடு 4 விழுக்காடு கூட்டிக்கொண்டால் ஆசியாவுக்குள் கணக்கு ஒத்துவரும். 2,925 × 1.04 = 3,042 கிலோமீட்டர்.

நீண்ட தடங்களில் இந்தக் கணக்கை அரசியல் கலைத்துவிடும். சென்னை–லண்டன் பெருவட்டக் கோட்டை வரைந்து பாருங்கள்: சிந்து மாகாணம், ஈரானின் கிழக்கெல்லை, காஸ்பியன் கடல், காகசஸ் மலைப்பகுதி, அப்புறம் உக்ரைன். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும் மறுபடி மூடியது. ஒரே நகர இணைக்கு இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு நேரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் பழைய பயணக் கட்டுரையில் கண்ட நேரத்தை நம்ப வேண்டாம். இந்த மாதம் அந்த விமானம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

ஐந்தாவது: நேரக் கணக்கு

விமான நேரம் என்பது ஒன்றல்ல.

வானில் இருக்கும் நேரம்: சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து மறுபடி தரையைத் தொடுவது வரை. கேப்டன் சொல்வது இதைத்தான்.

பிளாக் டைம்: கேட்டை விட்டு விமானம் நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் நிற்பது வரை. டிக்கெட்டில் இருப்பது இது.

வாசலுக்கு வாசல்: வீட்டுப் படியிறங்கியதிலிருந்து போய்ச் சேரும் வீட்டு அழைப்பு மணி வரை. நமக்கு உண்மையில் வேண்டியது இதுதான். இதை எந்தத் தளமும் சொல்லாது.

தூரம் காட்டும் பல இணையத் தளங்கள் நான்காவதாக ஒன்றைக் காட்டுகின்றன. தூரத்தை மணிக்கு 500 மைல் என்ற நிலையான வேகத்தால் வகுத்து, சில தளங்கள் மேலே அரைமணி நேரம் கூட்டித் தருகின்றன. 1,817-ஐ 500-ஆல் வகுத்தால் 3 மணி 38 நிமிடம், அரைமணி சேர்த்தால் 4 மணி 8 நிமிடம். மேலே பார்த்த இரண்டு எண்களும் இப்படி வந்தவைதான். காற்றும் தெரியாத, விமான வகையும் தெரியாத வெறும் வகுத்தல்.

இனி நம் கணக்கு. ஏ320 வகை விமானம் உச்ச உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கில் போகும். நம் வெப்பமண்டல வானில் அது மணிக்கு சுமார் 840 கிலோமீட்டர். 3,042-ஐ 840-ஆல் வகுத்தால் 3 மணி 37 நிமிடம்.

ஆனால் வழி முழுக்க அந்த வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்தான் பொதுவான வேக வரம்பு. 36,000 அடிக்கு ஏற 20 முதல் 25 நிமிடம் ஆகும். இறங்குவதும் சாங்கிக்கு 200 கிலோமீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடும். இன்ஜின் சத்தம் திடீரென்று அடங்கி, காது லேசாக அடைக்கும் தருணம் அது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு 13 நிமிடம் கூட்டுங்கள்.

அடுத்தது தரையில் ஊர்வது, டாக்ஸியிங். கேட்டிலிருந்து பின்னே தள்ளி, இன்ஜின் கிளப்பி, ஓடுபாதை முனைக்குப் போய் வரிசையில் நிற்க 15 நிமிடம். சாங்கியில் இறங்கி கேட்டுக்குப் போக 8 நிமிடம். மொத்தம் 23.

3 மணி 37 நிமிடம் + 13 நிமிடம் + 23 நிமிடம் = 4 மணி 13 நிமிடம். டிக்கெட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

அகலமான 787 போன்றவை 0.85 மடங்கில், மணிக்கு 900 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். மொத்தத்தில் கால் மணி நேரம்தான் மிச்சமாகும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. கால் நீட்ட இடம் வேண்டும் என்றால் அது வேறு கதை.

குறுகிய தடங்களில் தூரத்தைவிடத் தரைதான் நேரத்தைத் தின்னும். சென்னை–கொழும்பு கட்டுநாயக்க 647 கிலோமீட்டர்தான். வழியைக் கூட்டி 680 என்று வைத்து 800-ஆல் வகுத்தால் 51 நிமிடம்; ஏற்ற இறக்கமும் டாக்ஸியிங்கும் சேர்ந்தால் 1 மணி 27 நிமிடம். சென்னை–யாழ்ப்பாணம் 356 கிலோமீட்டர்; அங்கே பறப்பது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம், வேகம் மணிக்கு 500 சொச்சம். தூரம் கொழும்பில் பாதி என்பதால் நேரமும் பாதி என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னை–டில்லி 1,760 கிலோமீட்டர், இதே கணக்கில் 2 மணி 47 நிமிடம்.

ஆறாவது: காற்று

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவது ஏன் என்று கேட்டால் பலர் "பூமி சுற்றுவதால்" என்பார்கள். அது தவறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. காரணம் மேல்வானக் காற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடும். வானிலையாளர்கள் அதை வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்பார்கள். அதன் மையம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்; விமானங்கள் அதற்குக் கீழே 10 முதல் 12 கிலோமீட்டரில் பறந்தாலும் அதன் அடிப்பகுதி படும். தரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அதே நாளில் மேலே கிழக்கிலிருந்து அடிக்கும்.

சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வையுங்கள். சிங்கப்பூர் போகும்போது தரைவேகம் 790; நேரம் 3 மணி 37 நிமிடத்திலிருந்து 3 மணி 51 நிமிடம் ஆகும், 14 நிமிடம் கூடுதல். திரும்பி வரும்போது தரைவேகம் 890, நேரம் 3 மணி 25 நிமிடம், 12 நிமிடம் குறைவு. இழந்தது 14, கிடைத்தது 12. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் போய்வரும் மொத்த நேரம் கூடத்தான் செய்யும். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம்.

லண்டன் தடத்தில் இது பெரிதாகும். வடக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று குறைத்து வைத்தாலும், போக 10 மணி 18 நிமிடம், வர 9 மணி என்று வானில் மட்டுமே ஒன்றேகால் மணி நேரம் வேறுபடும்.

காற்று எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு ஏர் இந்தியாவின் டில்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம் போல வேறு சாட்சி வேண்டாம். அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்ததை, 2016 அக்டோபரில் திசை மாற்றிப் பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரம் பதினான்கரை மணியாகக் குறைந்தது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது, முழுக்கப் பின்காற்றின் தயவில்.

ஏழாவது: கடிகாரத்தைச் சரிபார்ப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். இதை மறந்து கழித்துப் பார்த்து "போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரமா?" என்று மலைப்பவர்கள் உண்டு.

குழம்பாமல் இருக்க இரண்டையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிடுங்கள். இந்தியா 5.30 மணி நேரம் முன்னே, சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னே. சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பாடு என்றால் யூடிசி 17.45. சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.00-க்கு வருகை என்றால் யூடிசி 22.00. வித்தியாசம் 4.15. திரும்பும்போது சிங்கப்பூர் இரவு 8.00 என்பது 12.00, சென்னை இரவு 9.45 என்பது 16.15. அதே 4.15.

இலங்கைக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லை. மலேசியாவுக்கு சிங்கப்பூரின் நேரம்தான். பிரிட்டனில்தான் சிக்கல்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை மணி. விமான அட்டவணைகளும் இதே இரண்டு ஞாயிறுகளில்தான் கோடை, குளிர் என்று மாறும். நவம்பர் பயணத்துக்கு ஜூலையில் பார்த்த நேரம் செல்லாது.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், மறுநாள் என்று குறிக்கும் '+1' இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் விடுதி முன்பதிவு செய்பவர்கள் ஒரு நாள் முன்னே பின்னே போடுவது பெரும்பாலும் இதைக் கவனிக்காமல்தான்.

எட்டாவது: உண்மையில் எப்படி ஓடுகிறது?

கணக்கு முடிந்தபின், ஃபிளைட்ரேடார்24 அல்லது ஃபிளைட்அவேரில் உங்கள் விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். அங்கே காட்டும் 'பறந்த நேரம்' பெரும்பாலும் வானில் இருந்த நேரம். டிக்கெட்டோடு ஒப்பிட்டு "அரைமணி முன்னாலேயே போய்விடுகிறது" என்று முடிவு கட்ட வேண்டாம். அட்டவணைப்படி எப்போது சேர வேண்டும், உண்மையில் எப்போது சேர்ந்தது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். சராசரியைவிட மோசமான நாள்தான் முக்கியம். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர் அந்த மோசமான நாளை வைத்துத் திட்டமிட வேண்டும்.

அட்டவணையில் நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன என்பதும் உண்மை. கால் மணி நேரத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்ற பிளாக் டைமில் சில நிமிடம் ஒளித்துவைப்பது வழக்கம். தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் வந்து சேரும் அதிசயம் பாதி இதனால்தான்.

இந்தத் தடத்துக்கே உரிய இடையூறுகளும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா ஸ்குவால்' எனப்படும் இடிமழை வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி சிங்கப்பூர் மேல் வரும். அது பெரும்பாலும் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் வரும். நம் இரவு விமானங்கள் போய்ச் சேரும் நேரமும் அதுவே. அப்போது வட்டமடிக்க விடுவார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் வங்காள விரிகுடாவின் ஒரு பகுதி குறித்த நேரத்துக்கு மூடப்படும், தடம் சுற்றும். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம்: 2023 டிசம்பரில் மிக்ஜாமின்போது சென்னை விமான நிலையத்தில் சேவையே நின்றது. நவம்பர், டிசம்பரில் இணைப்பு டிக்கெட் எடுப்பவர்கள் இரண்டு விமானங்களையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்து முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

வாசலுக்கு வாசல்

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். செக்-இன் கவுண்டர் பொதுவாக 60 நிமிடம் முன்னால் மூடும். தாம்பரத்திலிருந்து வருபவருக்கு அரைமணி, திருவள்ளூரிலிருந்து வருபவருக்கு இரண்டு மணி. சாங்கியில் குடிவரவும் பெட்டியும் சேர்ந்து 45 நிமிடம் வையுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட்டால் அங்கே நின்று தட்டச்சு செய்ய வேண்டாம்; அது கட்டணமில்லாதது, பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். அதிகாலை 5.30-க்கு முன் இறங்கினால் எம்.ஆர்.டி. ரயில் இருக்காது, டாக்ஸிதான். எல்லாம் சேர்த்தால் 4 மணி 15 நிமிடப் பயணம் ஒன்பது மணி நேரத்தில் வந்து நிற்கும்.

இந்த எண்கள் எங்கே பணமாகும்

இந்திய விதிகளில் தாமதத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் கடமை பிளாக் டைமைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம், இரண்டரைக்கு மேல் ஐந்து வரை 3 மணி, அதற்கு மேல் 4 மணி. சிங்கப்பூர் விமானம் நடு வகை. டில்லியும் அதே வகைதான்: வானில் இருப்பது இரண்டரைக்குள் என்றாலும் பிளாக் டைம் அதைத் தாண்டுகிறது. 2 மணி தாமதத்துக்குச் சாப்பாடு கேட்டுக் கவுண்டரில் சண்டை போடுபவர்கள் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பிளாக் டைம் அல்ல, பெருவட்டத் தூரம்தான் அளவுகோல். 1,500, 3,500 கிலோமீட்டர் என்று இரண்டு கோடுகள். 3,500-ஐத் தாண்டினால் உச்ச இழப்பீடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 600 யூரோ, பிரிட்டனில் 520 பவுண்டு. நிறுவனத்தின் தவறால் வந்த தாமதமாக இருக்க வேண்டும், வானிலைக்குக் கிடையாது. ஹீத்ரோவிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமும் இதில் அடங்கும். சென்னையிலிருந்து ஹீத்ரோ போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. விண்ணப்பத்தில் தூரத்தைக் கேட்டால் 8,235 என்று எழுதுங்கள். விமானம் சுற்றிப் போன தூரத்தை அல்ல.